கணினியின் நினைவகம் நிறைந்திருப்பது குற்றமா?



தமிழ்ப்பள்ளிகளின் கணினி அறைகளிலும் இல்லங்களிலும் அடிக்கடி எழும் புகார் ஒன்று உண்டு. "நினைவகம் நிறைந்துவிட்டது, அதனால்தான் கணினி மெதுவாக இயங்குகிறது" என்பதே அது. இந்தப் புகாரின் பின்னால் இரண்டு பரிந்துரைகள் வந்து நிற்கும். நினைவகத்தைத் துப்புரவு செய்யும் செயலி ஒன்றை நிறுவுங்கள் என்பது ஒன்று. பழையதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதியது வாங்குங்கள் என்பது மற்றொன்று. பெரும்பாலான வேளைகளில் இவ்விரண்டுமே தேவையற்றவை. முதலாவது, கருவியை மேலும் மெதுவாக்கும். இரண்டாவது, பெற்றோரின் பணப்பையைக் காலியாக்கும்.

பங்சார் என்றாலே தெலாவி சாலை உணவகங்களும் மாளிகை வீடுகளும்தாம் பலருக்கு நினைவுக்கு வரும். ஆனால், ஒரே கைத்தொலைபேசியை மூன்று பிள்ளைகள் பகிர்ந்துகொள்ளும் குடும்பங்களும் இதே பங்சாரின் அடுக்குமாடி வீடுகளில் வாழ்கின்றன. 2020 மார்ச் 18 ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்து, பள்ளிகள் மூடப்பட்டு, இல்லிருப்புக் கற்றல் கற்பித்தல் தொடங்கியபோது இந்த வேறுபாடு வெட்டவெளிச்சமானது. என் வகுப்பு மாணவன் ஒருவன் நாள்தோறும் இணைய வகுப்புக்குப் பத்து நிமிடம் தாமதமாகவே வருவான். காரணம் கேட்டேன். ஒவ்வொரு நாள் காலையிலும் அவன் தாயார் கைத்தொலைபேசியில் இருந்த செயலிகளையெல்லாம் மூடி, துப்புரவுச் செயலியை இயக்கி, அதன் பிறகே வகுப்பைத் திறப்பாராம். "இடம் காலியாக இருந்தால்தானே சார் வேகமாக ஓடும்?" என்று அவர் என்னைக் கேட்டார். தவணை முறையில் 900 ரிங்கிட்டுக்குப் புதிய கைத்தொலைபேசி வாங்கவும் அவர் முடிவு செய்திருந்தார்.

அந்தத் தாயாரின் கேள்வி நியாயமானதுதான். வீட்டில் இடம் காலியாக இருந்தால் நடமாட எளிது. பையில் இடம் இருந்தால் பொருள் வைக்க எளிது. நினைவகமும் அப்படித்தானே இருக்க வேண்டும்? இல்லை என்பதே விடை. ஏன் இல்லை என்பதை இயங்குதளத்தின் உள்ளே சென்று பார்த்தால்தான் விளங்கும். ஆசிரியர் தொழிலில் இருப்பவர்க்கு இது கடினமான பாடமன்று. நம் பணிமேசையே இதற்குப் போதுமான எடுத்துக்காட்டு.

நினைவகம் வேறு, சேமிப்பகம் வேறு

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். ரேம் எனப்படும் நினைவகம் வேறு. படங்களும் காணொலிகளும் பாடக்கோப்புகளும் தங்கியிருக்கும் சேமிப்பகம் வேறு. கைத்தொலைபேசி "இடம் போதவில்லை" என்று எச்சரிக்கும்போது அது பெரும்பாலும் குறிப்பது சேமிப்பகத்தையே. வாட்ஸ்அப் குழுக்களில் வந்து குவியும் காலை வணக்கப் படங்களும் காணொலிகளும் அடைத்துக்கொள்வது அந்த இடத்தைத்தான். அதை அவ்வப்போது துப்புரவு செய்ய வேண்டும், அதில் ஐயமில்லை. நான் இங்கே பேசவிருப்பது ரேம் பற்றி. மின்சாரம் நின்றால் மறைந்துவிடும் வேலை இடம் அது.

சேமிப்பகத்தைப் பள்ளியின் கீழ்மாடியில் உள்ள பொருள் அறை என்று வைத்துக்கொள்ளுங்கள். நினைவகம் என்பது மேல்மாடி ஆசிரியர் அறையில் உள்ள நம் மேசை. பொருள் அறையில் நூற்றுக்கணக்கான நூல்கள் அடங்கும். மேசையில் அடங்குபவை சிலவே. ஆனால், மேசையில் இருக்கும் நூலை எட்டி எடுத்துவிடலாம். பொருள் அறையில் இருப்பதை எடுக்கப் படியிறங்கிப் போக வேண்டும்.

கணினியில் இந்தத் தொலைவு எவ்வளவு தெரியுமா? நினைவகத்திலிருந்து ஒரு தகவலை எடுக்க ஏறத்தாழ 100 நானோ வினாடி ஆகும். சுழலும் வன்தட்டில் தேடி எடுக்க ஏறத்தாழ 10 மில்லி வினாடி ஆகும். அதாவது ஓர் இலட்சம் மடங்கு. மேசையிலிருந்து நூலை எடுக்க நமக்கு ஒரு வினாடி ஆகும் என்றால், பொருள் அறைக்குப் போய்வர ஒரு நாளுக்கும் மேல் ஆகும்! எஸ்எஸ்டி எனப்படும் புதிய வகை வட்டுகள் வன்தட்டைவிடப் பன்மடங்கு விரைவானவை. ஆனால், அவையும் நினைவகத்தின் அருகில் வர இயலாது.

மேசையில் நூல் இருப்பது தவறா?

இப்பொழுது நினைத்துப் பாருங்கள். காலையில் நான்காம் ஆண்டு வகுப்புக்காக ஒரு நூலைக் கீழிருந்து எடுத்து வந்தோம். பாடம் முடிந்தது. மேசையில் வேறு வேலை எதுவும் இல்லை. உடனே அந்த நூலைக் கீழே கொண்டுபோய் வைப்போமா? மாட்டோம். நாளையும் அது தேவைப்படலாம். மேசையில் இடம் சும்மா கிடப்பதைவிட நூல் இருப்பதே மேல்.

இயங்குதளத்தின் கருவாகிய கெர்னல் செய்வதும் இதைத்தான். ஒரு கோப்பைத் திறந்தால், அது வன்தட்டிலிருந்து நினைவகத்துக்கு வருகிறது. கோப்பை நாம் மூடிய பிறகும் கெர்னல் அந்தப் படியை உடனே அழிப்பதில்லை. அடுத்த முறை கேட்டால் உடனடியாகக் கொடுப்பதற்காக வைத்திருக்கிறது. இவ்வாறு வைத்திருக்கும் பகுதியை ஆங்கிலத்தில் 'கேஷ்' என்பர். நாம் தேக்ககம் என்று வழங்குவோம். லினக்ஸ், விண்டோஸ், ஆண்டிராய்டு என எல்லா இயங்குதளங்களும் இம்முறையைப் பின்பற்றுகின்றன. ஆண்டிராய்டின் அடித்தளமே லினக்ஸ் கெர்னல்தான்.

ஆகவே, கணினியை இயக்கி ஒரு மணி நேரம் ஆனதும் நினைவகம் 'நிறைந்து' காணப்படுவது நோயின் அறிகுறியன்று. மேசை பயன்பாட்டில் இருக்கிறது என்பதன் அடையாளம் அது. ஆனால், இங்கே ஒரு நிபந்தனை உண்டு. பக்கத்து ஆசிரியர் வந்து "எனக்குச் சற்று இடம் வேண்டும்" என்று கேட்டால், அந்தக் கணமே இடத்தை ஒழித்துத் தர வேண்டும். பயன்படுத்தாத பொருளை வைத்திருக்கலாம். கேட்டவுடன் விட்டுக்கொடுக்கவும் தெரிந்திருக்க வேண்டும். நினைவக மேலாண்மை என்பதன் சாரம் இவ்வளவுதான். எஞ்சியவை எல்லாம் இதை எப்படிச் செய்வது என்பது பற்றியவை.

எதை வைப்பது, எதை விடுவது?

இடம் தேவைப்படும்போது எந்த நூலை முதலில் கீழே அனுப்புவது? இனி நெடுநாள் தேவைப்படாத நூலை அனுப்புவதே மிகச் சிறந்தது என்று 1966 ஆம் ஆண்டிலேயே லாஸ்லோ பெலாடி என்னும் ஆய்வாளர் காட்டினார். ஆனால், எது இனித் தேவைப்படாது என்று யாருக்குத் தெரியும்? வருங்காலத்தை அறிந்த கணினி இல்லை. எனவே கெர்னல் கடந்த காலத்தைப் பார்க்கிறது. நெடுநேரம் யாரும் தொடாத ஒன்று இனியும் தேவைப்படாமல் இருக்கலாம் என்ற ஊகமே அதன் அடிப்படை.

லினக்ஸ் இதற்காக நினைவகத்தை 4,096 பைட் அளவுள்ள பக்கங்களாகப் பிரித்து (நம் கணினிகளில் வழக்கமான அளவு இது), அவற்றை இரு பட்டியல்களில் வைக்கும் முறையை நெடுங்காலமாகக் கடைப்பிடித்து வருகிறது. ஒன்று, அடிக்கடி பயன்படுபவற்றின் பட்டியல். மற்றொன்று, சும்மா இருப்பவற்றின் பட்டியல். புதிதாக வரும் கோப்பு முதலில் இரண்டாம் பட்டியலில்தான் சேரும். மறுமுறையும் கேட்கப்பட்டால்தான் முதற்பட்டியலுக்கு உயரும். இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. யாரோ ஒருவர் ஒரே ஒருமுறை பார்க்கும் நீண்ட காணொலி, நாள்தோறும் பயன்படும் கோப்புகளையெல்லாம் வெளியே தள்ளிவிடக் கூடாது அல்லவா? 2022 டிசம்பரில் வெளிவந்த 6.1 பதிப்பில், இரண்டுக்கும் மேற்பட்ட தலைமுறைகளாகப் பக்கங்களைப் பிரிக்கும் முறையும் சேர்க்கப்பட்டது. கூகுள் நிறுவனத்தின் யூ சாவ் என்பவர் அதை எழுதினார். குறைந்த நினைவகம் கொண்ட குரோம்புக் கணினிகளும் ஆண்டிராய்டு கைத்தொலைபேசிகளும் அம்முறையால் பயன் பெற்றன.

இன்னொரு வேறுபாட்டையும் கவனிக்க வேண்டும். மேசையில் இருப்பது நூலாக இருந்தால், அதை அப்படியே விட்டுவிடலாம். மூலப்படி கீழே இருக்கிறது. ஆனால், நாம் புள்ளிகளைக் குறித்துக்கொண்டிருக்கும் ஏடாக இருந்தால்? அதில் எழுதியவற்றை முதலில் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். பிறகே ஏட்டை அகற்றலாம். நினைவகத்திலும் மாற்றப்படாத பக்கங்களை உடனே விடலாம்; மாற்றப்பட்ட பக்கங்களை வன்தட்டில் எழுதிய பிறகே விடலாம். விரலியை முறைப்படி வெளியேற்றாமல் கணினியிலிருந்து பிடுங்கினால் கோப்பு கெட்டுப்போவதற்கு இதுவும் ஒரு காரணம். எழுதப்படாத பக்கங்கள் நினைவகத்திலேயே நின்றுவிடுகின்றன.

இந்த வேலைகளையெல்லாம் லினக்ஸில் பின்னணியில் நின்று செய்யும் பணியாளுக்குக் 'கேஸ்வாப்டி' என்று பெயர். வெற்றிடம் ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கியதும் அது விழித்துக்கொள்ளும். போதிய இடத்தை ஒழித்ததும் மீண்டும் உறங்கிவிடும். அதன் வேகத்தையும் மிஞ்சி இடம் கேட்கப்பட்டால், இடம் கேட்ட நிரலே காத்திருந்து ஒழித்துக்கொள்ள வேண்டிவரும். அப்பொழுதுதான் கணினி திக்கித் திணறுவதை நாம் கண்ணால் காண்கிறோம். உண்மையான நினைவகப் பற்றாக்குறை அதுவே.

சிறுபலகைத் தட்டுகள்

இதுவரை நம் கோப்புகளைப் பற்றிப் பேசினோம். கெர்னலுக்குத் தன் சொந்த வேலைக்கும் நினைவகம் வேண்டும். திறந்திருக்கும் ஒவ்வொரு கோப்புக்கும், ஓடும் ஒவ்வொரு பணிக்கும், தேடிக் கண்ட ஒவ்வொரு கோப்புப் பெயருக்கும் அது ஒரு சிறு குறிப்பை எழுதி வைக்கிறது. கோப்புப் பெயருக்கான குறிப்பு வழக்கமாக 192 பைட் அளவுடையது. ஒரு பக்கத்தில் இத்தகைய 21 குறிப்புகள் அடங்கும். ஒவ்வொரு வினாடியும் ஆயிரக்கணக்கில் இவை தோன்றி மறைகின்றன.

வகுப்பில் நாம் பயன்படுத்தும் சிறு வெண்பலகைகளை நினைத்துப் பாருங்கள். ஒவ்வொரு கேள்விக்கும் ஓர் அட்டையை வெட்டி, பயன்படுத்தி, குப்பையில் போடுகிறோமா? ஒரே அளவில் வெட்டிய பலகைகளைத் தட்டில் அடுக்கி வைத்திருக்கிறோம். மாணவர் திருப்பித் தந்ததும் துடைத்து அதே தட்டில் வைக்கிறோம். சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தின் ஜெஃப் பான்விக் 1994 ஆம் ஆண்டு யூஸ்னிக்ஸ் கோடைக்கால மாநாட்டில் படைத்த கட்டுரையின் கருத்து இதுதான். ஒரே வகைக் குறிப்புகளை ஒரே தட்டில் ஆயத்தமாக அடுக்கி வைக்கும் இம்முறைக்கு 'சிலாப்' என்று பெயர். சோலாரிஸ் 2.4 இயங்குதளத்தில் இது முதலில் நடைமுறைக்கு வந்தது.

பயன்படாமல் கிடக்கும் தட்டுகளை என்ன செய்வது என்பதற்கும் அக்கட்டுரை விடை சொன்னது. நினைவகம் போதுமான அளவு இருக்கும்வரை வெறுந்தட்டுகளைத் திருப்பித் தர வேண்டியதில்லை. தட்டுப்பாடு வந்து கேட்கும்போது தரலாம். அப்பொழுதும் அண்மைய 15 வினாடிக்குள் பயன்பட்டவற்றை விட்டுவைக்க வேண்டும். இல்லையேல், இப்பொழுது கொடுத்ததை அடுத்த கணமே திரும்பக் கேட்டு வாங்கும் வீண் அலைச்சல் உண்டாகும். துப்புரவுச் செயலிகள் செய்யும் பிழை இதுவே அல்லவா? தேவை எழும் முன்னரே எல்லாவற்றையும் காலி செய்துவிட்டு, மறுகணம் எல்லாவற்றையும் மீண்டும் படியேறிச் சுமக்க வைக்கின்றன.

சிலாப் முறையில் ஒரு சிக்கலும் உண்டு. 21 பலகைகள் கொண்ட தட்டில் 20 பலகைகள் திரும்பிவிட்டன. ஒன்று மட்டும் ஒரு மாணவனின் கையில் இருக்கிறது. அந்தத் தட்டைப் பொருள் அறைக்கு அனுப்ப முடியுமா? முடியாது. ஒரே ஒரு குறிப்புக்காக முழுப்பக்கமும் சிறைப்பட்டுக் கிடக்கும். இதனால், பாதி நிறைந்த தட்டுகளிலிருந்தே முதலில் பலகைகளைக் கொடுக்க வேண்டும் என்று விதி வகுத்தார்கள். வெறுந்தட்டுகள் வெறுந்தட்டுகளாகவே நீடித்தால்தான் அவற்றைத் திருப்பித் தர இயலும்.

தேக்ககமே சுமையானால்

லினக்ஸுக்காக இம்முறையை 1996, 97 ஆம் ஆண்டுகளில் மார்க் ஹெம்மென்ட் எழுதினார். அந்த நிரற்கோப்பின் தலைப்பகுதியைப் படித்துப் பார்ப்பது ஆசிரியர்க்குச் சுவையான அனுபவம். இதைச் செய்தவர் யார், எந்த நூலைப் பார்த்துச் செய்தார், பின்னர் யார் திருத்தினார் என்பனவெல்லாம் அங்கே எழுதப்பட்டிருக்கும். யூனிக்ஸ் இயங்குதளத்தின் உள்ளமைப்பைப் பற்றி உரேஷ் வகாலியா எழுதிய நூலும் பான்விக்கின் கட்டுரையும் அங்கே சுட்டப்படுகின்றன. 2000 ஆம் ஆண்டில் மான்ஃபிரெட் ஸ்ப்ரால் சீர்திருத்தினார். 2005 மார்ச் மாதக் குறிப்பில் ஷோபித் தயாள், அலோக் கட்டாரியா என்னும் இரு இந்தியப் பெயர்கள் ஷாய் ஃபுல்தைம், கிறிஸ்டோஃப் லாமெட்டர் ஆகியோரின் பெயர்களோடு இடம்பெற்றுள்ளன. பல நினைவகத் தொகுதிகள் கொண்ட பெருங்கணினிகளில், ஒவ்வொரு தொகுதிக்கும் தனித்தனித் தட்டுகள் இருக்கும்படி அவர்கள் மாற்றி அமைத்தனர்.

ஆனால், பெருங்கணினிகள் மேலும் பெருகியபோது புதிய தொல்லை ஒன்று முளைத்தது. ஒவ்வொரு செயலகத்துக்கும் ஒவ்வொரு தொகுதிக்கும் தனித்தனி வரிசைகள் வைத்ததால், ஆயிரம் செயலகங்கள் கொண்ட கணினியில் அந்த வரிசைகளைப் பராமரிப்பதற்கே பல ஜிகாபைட் நினைவகம் போய்விட்டது! சும்மா கிடக்கும் பலகைகளை எண்ணி வைக்கும் பதிவேடுகளே மேசையை அடைத்துக்கொண்ட கதை இது. பயன்படாதவற்றைத் திரட்டுவதற்காக இரண்டு வினாடிக்கு ஒருமுறை ஓடும் துப்புரவுப் பணியும் வேலைக்கு இடையூறாயிற்று. 2005 இல் அக்குழுவில் இருந்த அதே லாமெட்டர், 2007 ஆம் ஆண்டில் வரிசைகளைக் குறைத்து எளிமையாக்கிய 'சிலப்' என்னும் மாற்று முறையை வழங்கினார். ஈராண்டுக்கு முன் தாம் பங்கெடுத்துக் கட்டியதன் குறையைத் தாமே எடுத்துச் சொன்ன அந்த நேர்மையை நான் மதிக்கிறேன்.

அதன் பின்னரும் பழைய முறை உடனே நீக்கப்படவில்லை. தேவைப்படுவோர்க்காகப் பல ஆண்டுகள் வைத்திருந்தார்கள். பயன்படுத்துவோர் குறைந்து, பராமரிப்புச் சுமை மிகுந்த பிறகு, 2024 மார்ச்சில் வெளிவந்த 6.8 பதிப்பில் அக்கோப்பு நீக்கப்பட்டது. எனினும் வரலாற்றுப் பதிவில் ஒவ்வொரு வரியும் இன்றும் இருக்கிறது; யாரும் எடுத்துப் படிக்கலாம். மேசையிலிருந்து அகன்றது, பொருள் அறையில் பத்திரமாய் உள்ளது.

ஒரு விலைப்பட்டியலும் நான்கு எண்களும்

இவையெல்லாம் பள்ளிக்கு எந்த வகையில் பயன்படும் என்று கேட்கலாம். 2023 ஆம் ஆண்டில் எங்கள் பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கத்திடம் ஒரு விலைப்பட்டியல் வந்தது. கணினி அறையில் உள்ள 20 கணினிகளிலும் நினைவகம் 96 விழுக்காடு நிறைந்துவிட்டதாகவும், அனைத்திலும் கூடுதல் நினைவகம் பொருத்த வேண்டும் என்றும், அதற்கு ஏறத்தாழ 3,000 ரிங்கிட் ஆகும் என்றும் அதில் எழுதியிருந்தது. அந்தப் பணம் பெற்றோர்கள் சிற்றுண்டி விற்றுச் சேர்த்த பணம்.

எங்கள் கணினிகள் பழையவை, லினக்ஸில் இயங்குபவை. நினைவக நிலையைக் காட்டும் 'ஃப்ரீ' என்னும் கட்டளையை இயக்கிப் பார்த்தோம். மொத்தம் 3,800 மெகாபைட். நிரல்கள் பயன்படுத்துவது 1,100. தேக்ககம் 2,550. முற்றிலும் வெறுமை 150. விலைப்பட்டியலைத் தந்தவர் கடைசி எண்ணை மட்டும் பார்த்துவிட்டு, எஞ்சியது முழுவதும் நிறைந்துவிட்டது என்று எழுதியிருக்கிறார். ஆனால், அதே வரியின் இறுதியில் 'கிடைக்கக்கூடியது' என்று மற்றோர் எண் இருக்கிறது. அது 2,400 என்று காட்டியது. வெறுமையாக உள்ளதோடு, கேட்டால் உடனே ஒழித்துத் தரக்கூடிய தேக்ககத்தையும் சேர்த்துக் கெர்னல் கணித்துச் சொல்லும் எண் அது. இத்தகைய குழப்பத்தைத் தவிர்ப்பதற்காகவே 2014 ஆம் ஆண்டு 3.14 பதிப்பில் அக்கணிப்பு சேர்க்கப்பட்டது.

இணைய உலாவியையும் பாடச் செயலிகளையும் வழக்கம்போல் திறந்து வைத்துப் பார்த்தோம். 'கிடைக்கக்கூடியது' 1,300க்குக் கீழே இறங்கவில்லை. ஆனால், நான்கு கணினிகளில் மட்டும் நிலைமை வேறு. அவற்றில் இருந்தது 2 ஜிகாபைட் மட்டுமே. உலாவியைத் திறந்ததும் 'கிடைக்கக்கூடியது' 90 மெகாபைட்டுக்கு இறங்கியது. வன்தட்டு இடைவிடாது ஓடியது. அங்கே தட்டுப்பாடு உண்மையானது. தேக்ககத்தை ஒழித்தாலும் போதாது, நிரல்களுக்கே இடமில்லை. அந்த நான்குக்கு மட்டும் நினைவகம் வாங்கினோம். மிஞ்சிய பணத்தில் நூலகத்துக்குத் தமிழ்ச் சிறுவர் கதைநூல்கள் வந்தன.

பின்னர் இதையே ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு ஒரு சோதனையாகச் செய்து காட்டினேன். கணினியை இயக்கியதும் லிப்ரே ஆபிஸைத் திறந்தோம். மாணவர்கள் வாய்விட்டு எண்ணினார்கள். 16 வினாடி ஆயிற்று. மூடிவிட்டு மீண்டும் திறந்தோம். 5 வினாடிதான் ஆயிற்று. பிறகு, தேக்ககத்தைக் காலி செய்யும் கட்டளையை இட்டேன். 2006 இல் வெளிவந்த 2.6.16 பதிப்பில் சோதனைகளுக்காகவே சேர்க்கப்பட்ட வசதி அது. வெற்றிடம் 150இலிருந்து 2,000 மெகாபைட்டுக்கும் மேல் ஏறியது. "இப்பொழுது நிறைய காலி இடம் இருக்கிறது. வேகமாகத் திறக்குமா?" என்று கேட்டேன். "திறக்கும்!" என்று வகுப்பே முழங்கியது. திறந்தோம். 15 வினாடி! சற்று நேரம் அமைதி. பின்வரிசையில் இருந்த மாணவி ஒருத்தி, "சார், அது காலியானதால்தானே எல்லாவற்றையும் திரும்ப எடுத்து வருகிறது?" என்றாள். இதைவிடச் சுருக்கமாக என்னால் விளக்க முடியாது.

கவனத்தில் கொள்ள வேண்டியவை

1. வெற்றிடம் எவ்வளவு என்று பார்க்காதீர்கள். கிடைக்கக்கூடியது எவ்வளவு என்று பாருங்கள். விண்டோஸ் பணி மேலாளரிலும் 'கிடைக்கக்கூடியது' என்னும் எண் தனியாக உண்டு.

2. நினைவகத் துப்புரவுச் செயலிகளை நீக்கிவிடுங்கள். கெர்னல் தன் வேலையைத் தானே செய்யும். அச்செயலிகளும் நினைவகத்தை உண்ணும். பல, விளம்பரங்களையும் காட்டும்.

3. கைத்தொலைபேசியில் செயலிகளை ஓயாமல் மூடிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. பின்னணியில் நிற்கும் செயலியை, இடம் தேவைப்படும்போது ஆண்டிராய்டே மூடிவிடும். சிக்கித் திணறும் ஒரு செயலியை மூடுவது வேறு செய்தி.

4. சேமிப்பகத்தை மட்டும் ஒழுங்காகத் துப்புரவு செய்யுங்கள். தேவையற்ற காணொலிகளை மாதம் ஒருமுறையேனும் நீக்குங்கள்.

5. 'கிடைக்கக்கூடியது' மிகக் குறைந்து, வன்தட்டும் ஓயாது ஓடினால், தட்டுப்பாடு உண்மைதான். அப்பொழுது செலவு செய்யத் தயங்க வேண்டாம். ஆனால், எந்தக் கணினிக்கு என்று அளந்து பார்த்துச் செய்யுங்கள்.

தாமதமாக வந்த மாணவனின் கைத்தொலைபேசியில் நாங்கள் செய்தது எளிய வேலைதான். துப்புரவுச் செயலியை நீக்கினோம். சேமிப்பகத்தில் கிடந்த ஏறத்தாழ 6 ஜிகாபைட் காணொலிகளை அழித்தோம். மறுவாரம் முதல் அவன் மற்றவர்களோடு சேர்ந்தே வகுப்பில் இருந்தான். அந்த 900 ரிங்கிட் கடன் அக்குடும்பத்துக்கு ஏற்படவில்லை.

நம் பிள்ளைகளுக்குக் கணினியைப் பயன்படுத்தக் கற்றுக்கொடுக்கிறோம். அது உள்ளே எவ்வாறு முடிவெடுக்கிறது என்பதையும் சிறிதளவேனும் சொல்லிக்கொடுக்க வேண்டும். திரையில் தோன்றும் ஓர் எண்ணைக் கண்டு அஞ்சாமல், அது எதைக் குறிக்கிறது என்று கேட்கும் பழக்கம் அவர்களுக்கு வந்தால், விலைப்பட்டியல்களையும் விளம்பரங்களையும் அவர்களே அளந்து பார்த்துக்கொள்வார்கள்.